தபோரா ராஜாவை அழித்தவள்

சிகுதானிக்கு மாஜிஸ்திரேட் ஆக வேண்டும் என்று ஆசை. மொரோகோரோவில் சட்டம் படித்தாள். அதன் பிறகு எழுத வேண்டிய வக்கீல் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். அந்தத் தேர்வில் தோற்காதவர்கள் தார் எஸ் சலாமில் குறைவு, அதனால் அவளுக்கு அது பெரிய அவமானமில்லை. வேலை கிடைக்காததுதான் அவமானம். கடைசியில் மிகோச்சேனியில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில், என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அங்கே அவள் ஒரு நாளைக்கு நானூறு தீர்ப்பு சொன்னாள். எந்த மாஜிஸ்திரேட்டுக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது.

எங்கள் வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள்ளே ஓர் உலகம் இருக்கிறது. தெரு, கடை, கடற்கரை, கல்யாண மண்டபம் எல்லாம் அதில் உண்டு. ஆட்கள் தங்களுக்கு ஒரு பெயரும் உருவமும் வைத்துக்கொண்டு அங்கே நடமாடுவார்கள். நிலம் வாங்குவார்கள், வீடு கட்டுவார்கள், விற்பார்கள். கம்பெனி வைத்த பெயர் வேறு. எங்கள் ஊரில் எல்லாரும் அதை அக்கரை என்பார்கள். அக்கரையில் ஒருவன் இன்னொருவனைத் திட்டினால் புகார் வரும். புகார் எங்கள் திரைக்கு வரும். படிக்க ஐம்பது நொடி. கீழே மூன்று பொத்தான்: நீக்கு, விடு, தாண்டு. நீக்கு என்று அழுத்தினால் அந்த ஆளுக்கு அங்கே பெயரும் இல்லை, வீடும் இல்லை, அவன் கட்டியது எதுவும் இல்லை. தாண்டினால் நம் மதிப்பெண் குறையும்.

பயிற்சியின் முதல் நாளே சிகுதானி கையைத் தூக்கினாள். குற்றம் சாட்டப்பட்டவனை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படித் தீர்ப்பு சொல்வது என்று கேட்டாள். எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்பது சட்டத்தின் அரிச்சுவடி என்றாள். பயிற்சி கொடுக்க வந்தவன் நல்ல பிள்ளை, நைரோபிக்காரன். சிரித்துக்கொண்டே சொன்னான், இது நீதிமன்றம் இல்லை, வாடிக்கையாளர் சேவை. அந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் அவர்கள் சொந்தக்காரர்கள் இல்லையா என்று அவள் விடவில்லை. இல்லை, அனுமதிதான் உண்டு, சேரும்போதே அதற்கு ஒப்புக்கொண்டுதான் சேர்கிறார்கள் என்றான். வழக்குப் போட வேண்டுமென்றால்? கடல் தாண்டிப் போய்ப் போடலாம் என்றான். எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

அவன் இன்னொன்றும் சொன்னான். உங்கள் ஊர் வழக்கத்தையெல்லாம் கதவுக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வாருங்கள். திரையில் இருப்பதை மட்டும் பாருங்கள்.

சிகுதானியால் அது முடியவில்லை. அவள் ஸராமோ இனத்துப் பெண். ஸராமோக்காரர்களுக்கும் நியாம்வேஸிக்காரர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலிமுறை. மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்கு உறை போடக் காணாது. முறைக்காரன் உன்னை அடிமை என்பான், உன் அப்பனைத் திருடன் என்பான், உன் வீட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டு போவான். கோபப்பட்டால் நீதான் தப்பானவள். சாவு வீட்டில் இன்னும் மோசம். பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுமப்பதும் முறைக்காரன்தான், செத்தவனைக் கிண்டல் செய்வதும் முறைக்காரன்தான். அழுகிற வீட்டைச் சிரிக்க வைக்காமல் அவன் போகக்கூடாது.

அக்கரையில் இரண்டு பேர் இப்படிக் கேலிமுறையில் திட்டிக்கொண்ட புகார் இரண்டு தடவை அவளிடம் வந்தது. இரண்டையும் விடு என்று அழுத்தினாள். எங்களுக்கு மேலே, எந்த நாட்டிலோ உட்கார்ந்திருக்கும் சரிபார்ப்பவர் இரண்டுக்கும் தப்பு போட்டார். இவள் வேலை நேரம் முடிந்த பிறகு உட்கார்ந்து, இந்தக் கேலிமுறை என்ன, ஏன் இது வசவு ஆகாது என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினாள். ஒரு வரியில் பதில் வந்தது. நன்றி, விதி எல்லாருக்கும் சமம். அதைக் காகிதத்தில் அச்செடுத்து அவள் மேசையில் ஒட்டிவைத்தேன். அவள் கிழிக்கவில்லை. அந்த மாதம் அவள் மதிப்பெண் தொண்ணூற்றைந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் அடையாள அட்டையை வாசலில் வாங்கிக்கொள்வார்கள்.

அப்போதுதான் அவள் அண்ணன் ஷோமாரி செத்தான்.

ஷோமாரி முபகாலாவில் கைபேசி பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். கல்லீரல் கெட்டு மூன்று வாரத்தில் போய்விட்டான். மனைவி முன்பே விட்டுப் போனவள். இரண்டு பெண் பிள்ளைகள். சிகுதானி அன்றைக்கே அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். அந்தச் சம்பளத்தில்தான் நான்கு பேர் சாப்பிட வேண்டும், அவள் அம்மாவையும் சேர்த்து.

ஷோமாரியின் உயிர்த் தோழன் மகங்கா, நியாம்வேஸிக்காரன், தபோராவிலிருந்து வந்து கரியாக்கோ சந்தையில் மூட்டை தூக்கியவன். பின்னால் வந்த லாரி அவன் இடது காலை முழங்காலோடு எடுத்துக்கொண்டது. மூட்டை தூக்குகிறவனுக்குக் கால் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? ஷோமாரிதான் பழைய கணினி ஒன்றை ஒட்டுப்போட்டுக் கொடுத்து, கடையின் பின்பக்கம் உட்காரவைத்து, அக்கரைக்குப் போகும் வழியைக் காட்டினான். அங்கே அவனுக்கு இரண்டு கால். தபோரா ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டான். வீடு கட்டுவது அவனுக்குக் கைவந்த கலை. நார்வேக்காரர்களும் பிரேசில்காரர்களும் வரிசையில் நின்று காசு கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். அதில்தான் வாடகை கொடுத்தான், ஊரில் தங்கைக்குக் கல்யாணம் செய்தான். அந்தப் பெயர் போனால் மகங்கா மறுபடியும் ஒற்றைக் கால்காரன், அவ்வளவுதான்.

இறுதிச் சடங்குக்கு நானும் போயிருந்தேன். ஷோமாரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அக்குள் கட்டையை ஊன்றிக்கொண்டு, ஷோமாரி மாதிரியே தோளைக் கோணிக்கொண்டு மகங்கா முற்றத்தில் நடந்தான். பெண்களெல்லாம் கங்காத் துணியால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார்கள். பாடையைத் தூக்க ஆண்கள் குனிந்தபோது வாசலில் குறுக்கே போய்ப் படுத்துவிட்டான்.

"நாளைக்கு வாங்க," என்றான், ஷோமாரியின் குரலிலேயே. "இன்னைக்கு சாமான் வரல. நாளைக்குக் கண்டிப்பா சரி பண்ணித் தரேன்."

ஷோமாரி இருபது வருஷமாகத் தன் கடைக்கு வந்தவர்களிடம் சொன்ன பொய் அது. முதலில் அவன் அம்மாதான் சிரித்தாள். அப்புறம் சிகுதானி, கண்ணீரும் மூக்குமாக, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எழுந்திருடா மூட்டைதூக்கி," என்று செருப்பைக் கழற்றி அவன்மேல் எறிந்தாள். "செத்தும் அவனை நிம்மதியா விடமாட்டியா?"

"அடிமை, நீ சும்மா இரு. ஸராமோக்காரனுங்க எல்லாத்துக்கும் சோம்பேறி, சாகறதுல மட்டும் அவசரம். ஒரு கோழி குடு, எழுந்திரிக்கிறேன்."

கோழி கொடுத்த பிறகுதான் எழுந்தான். அதன் பிறகு மூன்று நாள் அந்த வீட்டுக்கு விறகு பிளந்தவனும் அவன்தான். ஷோமாரிக்கு அதைவிட நல்ல சாவு அமைந்திருக்க முடியாது, இதை நான் யாரிடமும் சத்தியம் செய்து சொல்வேன்.

ஷோமாரிக்கு அக்கரையிலும் சிநேகிதர்கள் உண்டு, முக்கால்வாசி வெளிநாட்டு வெள்ளைக்காரர்கள். அவர்கள் ஐந்தாம் நாள் அங்கே ஓர் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். கறுப்புடை, மெழுகுவர்த்தி, ஆளுக்கு ஒரு பேச்சு. ஒரு பாடையும் வைத்தார்கள். மகங்காவை யாரும் தடுக்கவில்லை, அவன்தான் அந்த மண்டபத்தையே கட்டியவன். அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அந்த வெள்ளைக்காரர்களும் ஷோமாரிக்காக அழுகிறார்கள், ஆகவே அதுவும் சாவு வீடுதான், ஆகவே தனக்கு அங்கேயும் கடமை இருக்கிறது என்று நம்பிவிட்டான். ஷோமாரியின் உருவத்தைப் போட்டுக்கொண்டு போனான். பாடைக்குக் குறுக்கே படுத்தான். நாளைக்கு வாங்க என்றான். அழுகிறவர்கள் வரிசையில் நில்லுங்கள், கண்ணீர் போதவில்லை, ஸராமோக்காரனுக்கு இதுவே அதிகம்தான் என்றான். கோழி கேட்டான்.

முப்பத்தெட்டுப் புகார் வந்தது.

வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணி. சிகுதானி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் அவள் பக்கம் சாய்ந்தேன். திரையில் அவள் அண்ணன் பாடைக்குக் குறுக்கே படுத்திருந்தான். மேலே தபோரா ராஜா என்று பெயர். ஓரத்தில் நொடி குறைந்துகொண்டே வந்தது. பக்கத்தில் விதியையும் காட்டியிருந்தார்கள், ஒன்பதாம் விதி: இறந்தவரை இழிவு செய்தல், இறந்தவரின் உருவத்தைத் திருடுதல். எச்சரிக்கை கிடையாது, நேராக நீக்கம்.

இந்த ஆளை எனக்குத் தெரியும், நான் இந்த வழக்கைப் பார்க்கக்கூடாது என்று சொல்ல அங்கே பொத்தான் இல்லை. அவமதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறவன் என் அண்ணன், எனக்கு அவமானம் இல்லை என்று சொல்லவும் பொத்தான் இல்லை. உலகத்திலேயே அந்த வழக்கில் சாட்சி சொல்லத் தகுதி உள்ள ஒரே பெண் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு இருபது நொடி மிச்சம் இருந்தது.

"விட்டா என் வேலை போயிடும், சௌமு," என்றாள் என்னிடம்.

"தாண்டிடேன்."

"தாண்டினாலும் தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போயிடும்."

அவள் நீக்கு என்பதை அழுத்தினாள். அடுத்த வழக்கு வந்தது, எவனோ எவளுடைய தோட்டத்திலோ குப்பை போட்டானாம். அதையும் தீர்த்தாள். மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது வந்தாள், சப்பாத்தியும் பீன்ஸும் சாப்பிட்டாள். இதையும் சொல்ல வேண்டும், மிச்சம் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகங்கா அவள் வீட்டுக்கு வந்தான். ராஜா போய்விட்டான், கட்டின வீடெல்லாம் போய்விட்டது, பாதி கட்டிய வீட்டுக்காரர்கள் திட்டுகிறார்கள், காரணம் கேட்டால் ஒன்பதாம் விதி என்று மட்டும் பதில் வருகிறது என்றான். ஷோமாரிக்கு அங்கே கட்டிக் கொடுத்த வீடும் அதோடு சேர்ந்து போனதாம். அந்தக் கணினிக் கம்பெனியில்தான் நீயும் வேலை செய்கிறாய், அடிமையே, படித்த சட்டத்தை வைத்து முறைக்காரனுக்கு ஒரு மனு எழுதிக் கொடு என்று கேட்டான். அவளிடம்தான் கேட்டான். இந்த ஊரில் அவனுக்குத் தெரிந்த வக்கீல் அவள் ஒருத்திதான்.

எழுதிக் கொடுத்தாள். ராத்திரி சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு எழுதினாளாம். மறுநாள் எனக்குக் காட்டினாள். அவள் வாழ்க்கையில் எழுதிய ஒரே நல்ல வழக்குரை அதுதான். அந்தத் தேர்வில் இப்படி எழுதியிருந்தால் இன்றைக்குக் கறுப்பு அங்கி போட்டிருப்பாள். ஆனால் மேல்முறையீட்டுக் கட்டத்தில் இரண்டு வரிக்குமேல் இடமில்லை. வெட்டி வெட்டிக் கடைசியில் இதுதான் நின்றது: இது எங்கள் துக்கமுறை, அவமதிப்பு அல்ல. இறந்தவரின் தங்கை இதற்குச் சாட்சி.

செவ்வாய்க்கிழமை அந்த இரண்டு வரியும் என் திரைக்கு வந்தது.

மேல்முறையீட்டை வேறு ஒருவர் பார்ப்பார் என்பது விதி. அந்த வேறு ஒருவர் கை எட்டும் தூரத்தில், பக்கத்து நாற்காலியில்கூட இருக்கலாம், அதற்குத் தடையில்லை. முதல் தீர்ப்பை மாற்றினால் முதல் நீதிபதிக்குத் தப்பு விழும். சிகுதானிக்கு ஒரு தப்புக்குக்கூட இடமில்லை. நான் நியாயம் செய்தால் அவள் தெருவுக்கு வருவாள், மகங்காவுக்கு ராஜா திரும்பக் கிடைப்பான். நான் நியாயம் செய்யவில்லை. உறுதி என்று அழுத்தினேன். எனக்கும் மதிப்பெண் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

டாலாடாலா வண்டிக்காக நிற்கும்போது அவள் கேட்டாள், யாருக்குப் போச்சு என்று. எனக்குத்தான், உறுதி பண்ணிட்டேன் என்றேன்.

"நன்றிடி," என்றாள்.

அந்த நன்றிக்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

அந்த மாதம் அவளுக்குத் தொண்ணூற்றேழு வந்தது. எட்டுப் பேருக்கு மேலாளர் ஆக்கினார்கள். ஒன்பதாம் விதியைப் புதியவர்களுக்கு விளக்கிச் சொல்ல அவளையே நிறுத்தினார்கள், உள்ளூர் வழக்கம் தெரிந்தவள் என்று. மகங்கா முபகாலா பேருந்து நிறுத்தத்தில் வறுத்த கடலை விற்க ஆரம்பித்தான். புதுப் பெயரில் அக்கரைக்குப் போகப் பார்த்திருக்கிறான். முகத்தையும் குரலையும் வைத்துக் கண்டுபிடித்து, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இத்தனை கெட்டிக்காரத்தனம் உள்ள கம்பெனிக்கு ஒரு சாவு வீட்டை அடையாளம் காணத் தெரியவில்லை.

நாற்பதாம் நாள் துவா முபகாலாவில், அதே முற்றத்தில் நடந்தது. பிலாவுச் சோற்று அண்டா அடுப்பிலிருந்து இறங்கியது. மகங்கா வந்தான். இளைத்திருந்தான், கழுத்தெலும்பு தெரிந்தது. ஆனாலும் முறைக்காரன் முறைக்காரன்தான். கட்டையை வீசிவிட்டு அண்டா மூடியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஸராமோக்காரர்கள் செத்தவன் பேரைச் சொல்லித் தின்னத்தான் லாயக்கு, எனக்குப் பெரிய துண்டு இறைச்சி வராமல் மூடி திறக்காது என்றான். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். கிழவர்கள்கூடச் சிரித்தார்கள்.

சிகுதானி சமையல் பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுந்து போய்ப் பிடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

"மகங்கா, உன் ராஜாவை அழிச்சது நான்தான்."

முற்றமே சிரித்தது. ஸராமோக்காரி பதில் கொடுத்தாள் பார் என்று அவள் சித்தி தொடையில் தட்டினாள். நல்ல கேலிக்கு நல்ல பதில் என்று நினைத்தார்கள். மகங்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

"நீயா? சோம்பேறி, ஒரு கோழிய அறுக்கவே உனக்கு நாலு ஆள் வேணும்."

"வியாழக்கிழமை. பதினொன்றரைக்கு. ஒன்பதாம் விதி," என்றாள். "என் திரைக்குத்தான் வந்துச்சு. அண்ணன் மாதிரி நீ படுத்திருந்த. எனக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் அழுத்தினேன். என் வேலைக்காக."

அந்த நேரத்தை, நீக்கியதாக அனுப்பிய அறிவிப்பில், கம்பெனி அவனுக்கு மட்டும்தான் எழுதியிருந்தது. அவன் யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவன் சிரிப்பு நின்றது. அவளை ஒரு தடவை பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான், நான் தலையைக் குனிந்துகொண்டேன். மெல்ல அண்டா மூடியிலிருந்து இறங்கினான். கட்டை தூரத்தில் கிடந்தது. ஒற்றைக் காலில் தத்திப் போய் அவனே எடுத்துக்கொண்டான். மூடியில் பட்டிருந்த மண்ணைச் சட்டை நுனியால் துடைத்தான்.

"திட்டு," என்றாள் சிகுதானி. "மகங்கா, என்னைத் திட்டுடா. அடிமைன்னு சொல்லு. என்ன வேணா சொல்லு."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா," என்றான். குரலில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. வங்கியில் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பேசுவது போலப் பேசினான். "உங்களைத் திட்ட நான் யாருங்க?"

அவன் பந்தியில் கடைசியாக உட்கார்ந்தான். வைத்ததைச் சாப்பிட்டான், இறைச்சி கேட்கவில்லை. கை கழுவிவிட்டு, ஷோமாரியின் அம்மாவிடம் போய்க் குனிந்து, ஆண்டவன் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும் என்று அந்நியர்கள் சொல்கிற வார்த்தையைச் சொன்னான். சிகுதானியிடமும் வந்து அதையே சொன்னான். சாப்பாட்டுக்கு நன்றி என்றான். போய் வர அனுமதி கேட்டு, அவள் வாய் திறக்கும் வரை வாசலில் காத்து நின்றான்.